“15 நிமிஷம் வேணும் சார்!” - ஒரு மருத்துவமனையின் நள்ளிரவு வேலை

இரவு 2.50 மணி. மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. மூன்றாவது மாடியில், நர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஏ.சி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது. இரும்பு ரேக்கில் இரண்டு பெட்டிகள் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் கையில் அரை மீட்டர் நீளத்தில் தடிமனான இரண்டு கேபிள்கள். பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் அண்ணன் டார்ச் அடித்தபடி நிற்கிறார்.

“சொருகிடலாமாம்மா?”

“இருங்கண்ணே. முதல்ல இதை அணைக்கணும்.”

“ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்கும்மா அணைக்கணும்?”

அதே கேள்வியைத்தான் கடந்த இரண்டு வாரங்களாக எல்லோரும் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே கேபிளில் தொங்கிய மாடி

ஸ்விட்ச் என்றதும் சுவரில் இருக்கும் ஃபேன் ஸ்விட்ச்தான் நமக்கு ஞாபகம் வரும். இது வேறு. ஒரு மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர், பிரின்டர், போன், வைஃபை பெட்டி என எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் இடம் இது. ஒரு பெட்டியில் 48 துளைகள். லேப் ரிப்போர்ட் டாக்டரின் திரைக்கு வருவதும், மருந்துச் சீட்டு பார்மசிக்குப் போவதும் இதன் வழியாகத்தான்.

அந்த மாடியில் இப்படி இரண்டு பெட்டிகள். முதல் பெட்டிக்குத்தான் சர்வர் அறையிலிருந்து ஃபைபர் வருகிறது. இரண்டாவது பெட்டி, முதல் பெட்டியில் ஒரே ஒரு நீலக் கேபிளால் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பெட்டி கண்ணை மூடினால், நன்றாக இருக்கும் இரண்டாவது பெட்டியும் சேர்ந்து ஊமையாகிவிடும். சில மாதங்களுக்கு முன் அப்படித்தான் ஆனது. காலை நேரம், வார்டு முழுக்க நோயாளிகள். ஃபைபர் முனை ஒன்று பழுதாகி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூன்றாவது மாடி முழுவதும் கையால் எழுதி ஓட்டியது. லேப் ரிப்போர்ட்டை வாங்க வார்டு பாய்கள் படியேறி இறங்கினார்கள்.

அதற்குத் தீர்வுதான் ஸ்டாக். பல ஸ்விட்சுகளைச் சேர்த்து ஒரே ஸ்விட்ச் போல ஆக்குவது. சிஸ்கோ நிறுவனம் 2003-ல் கேட்டலிஸ்ட் 3750 வரிசையில் இதைக் கொண்டுவந்தது. அதில் 9 பெட்டிகள் வரை சேர்க்கலாம். இந்த மருத்துவமனையில் இருப்பது கேட்டலிஸ்ட் 9300. இதில் 8 வரை சேரும்.

பெட்டியின் முதுகில் இதற்கென்றே இரண்டு துளைகள் உண்டு. தடிமனான கேபிள்களை அவற்றில் வளையமாகக் கோத்துவிட்டால் போதும். அத்தனை பெட்டிகளுக்கும் ஒரே முகவரி, ஒரே செட்டிங். ஒன்று தலைவர், இன்னொன்று துணைத் தலைவர். தலைவர் விழுந்தால் துணைத் தலைவர் பொறுப்பை எடுத்துக்கொள்வார். வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தாலும் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போக வழி இருக்கும். முக்கியமாக, பெட்டிக்கு ஒரு ஃபைபர் வீதம் இரண்டு ஃபைபர்களைக் கொடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடலாம். அதன் பிறகு ஒரே ஃபைபரை நம்பி ஒரு மாடி இருக்காது.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், அவளுக்கு அந்தக் கேபிளைக் கண்டாலே வயிற்றைப் பிசையும். காரணம் இருக்கிறது.

அன்றைக்குச் சொருகியது அவள் கைதான்

டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் டிரெய்னியாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே நான்கு ஸ்விட்சுகள் ஒரே ஸ்டாக்காக ஓடிக்கொண்டிருந்தன. புது லேபுக்கு இடம் போதவில்லை என்று, பழைய கட்டடத்தில் சும்மா கிடந்த இன்னொரு ஸ்விட்சைக் கொண்டுவந்தார்கள். சீனியர் அதற்குக் கரன்ட் கொடுத்து, ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. “அவ்ளோதான், அப்படியே கேபிளைச் சொருகும்மா” என்றார்.

சொருகினாள். சிறிது நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நான்கு ஸ்விட்சுகளின் விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

அன்றைக்கு மாணவர்களுக்கு ஆன்லைன் தேர்வு. மூன்று லேபிலும் திரைகள் உறைந்து நின்றன.

என்ன நடந்தது என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் தனக்குத் தானே தலைவர். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு தலைவர்களை ஒரே வளையத்தில் கட்டினால், அங்கே உடனே ஒரு தேர்தல் நடக்கும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 1 முதல் 15 வரை ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். யாரும் எதுவும் மாற்றாவிட்டால் அது 1. அதிக மதிப்பெண் இருப்பவர் ஜெயிப்பார். தோற்ற தலைவரும் அவரோடு இருந்தவர்களும் ரீபூட் ஆகி, ஜெயித்தவரின் செட்டிங்கை ஏற்றுக்கொண்டு எழுந்து வருவார்கள்.

பழைய கட்டடத்தில் அந்த ஸ்விட்ச் ஒரு காலத்தில் தலைவராக இருந்திருக்கிறது. யாரோ 15 மதிப்பெண் கொடுத்து வைத்திருந்தார்கள். அதை அழிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த நான்குக்கும் யாரும் மதிப்பெண் மாற்றவே இல்லை. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். நான்கு ஸ்விட்சுகளும், அந்தக் கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழைய செட்டிங்குடன் எழுந்தன. கடைசியாக எடுத்த பேக்கப் எட்டு மாதப் பழசு. ஒவ்வொரு துளையாகச் சரிசெய்து முடிக்க மாலை ஆகிவிட்டது. தேர்வைத் தள்ளிவைத்தார்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. சீனியரே பழியை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் சொருகியது அவள் கைதான். அன்று இரவு வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளிடம், அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “லைன் கிளியர் வாங்காம ஏறிட்டீங்களா பாப்பா?”

அப்பாவின் இரண்டு விரல்கள்

அப்பா ஈ.பி-யில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

அவள் ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. முறைப்படி லைன் கிளியர் வாங்கி, கரன்டை நிறுத்திவிட்டுத்தான் கம்பத்தில் ஏறினார். ஆனால், ‘ஒரு நிமிஷ வேலைதானே’ என்று எர்த் ராடு போடவில்லை. தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபத்தில் யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள். அங்கே இருந்த வயரிங் கோளாறால் அந்தக் கரன்ட் திரும்பி லைனுக்குள் வந்துவிட்டது. அப்பா தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது. விரல்கள் தப்பவில்லை.

அதன் பிறகு அப்பா ஊரில் யாருக்கு வயரிங் பற்றிச் சொன்னாலும் இரண்டே விஷயங்கள்தான் சொல்வார். “நிறுத்தாம தொடாதே. நிறுத்திட்டோம்னு நம்பாதே, ரெண்டாவது சப்ளை எங்கேருந்து வருதுன்னு பாரு.”

கல்லூரிச் சம்பவத்துக்குப் பிறகு, அவள் அந்த வார்த்தைகளை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தாள். ஏனென்றால், ஸ்டாக்குக்கும் விதி அதுதான். சேரப்போகும் பெட்டியை அணைத்துவிட்டு, கேபிளை மாட்டி, அதன் பிறகு கரன்ட் கொடுத்தால் தேர்தலே கிடையாது. எழுந்து வரும் பெட்டி, அங்கே ஏற்கெனவே ஒரு தலைவர் இருப்பதைப் பார்க்கும். தன் மதிப்பெண் அதிகமாகவே இருந்தாலும் அடக்கமாக உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

“ஜீரோ டவுன்டைம்ல முடியாதா?”

மருத்துவமனை மேலாளரிடம் அவள் கேட்டது 15 நிமிடம். அதுவும் பாதி மாடிக்கு மட்டும்.

“ஏம்மா, ஐ.சி.யூ இருக்கிற மாடி. ஜீரோ டவுன்டைம்ல முடியாதா? ஓடும்போதே கேபிளைச் சொருகலாம்னு சொல்றாங்களே?”

“சொருகலாம் சார். ஆனா, சொருகினப்புறம் எது அணையும்னு அந்தப் பெட்டிங்கதான் முடிவு பண்ணும். 15 நிமிஷம் கொடுத்தீங்கன்னா எது அணையணும்னு நான் முடிவு பண்ணுவேன்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் மேடம்கிட்ட பேசிட்டு வாங்க. அவங்க சரின்னா சரி” என்றார்.

மேடம் அவளை நைட் டியூட்டி சிஸ்டரிடம் அனுப்பினார். இருபது வருடமாக அந்த மாடியில் இருப்பவர். அவள் 1 மணி என்று குறித்து வைத்திருந்தாள். சிஸ்டர் சிரித்தார். “ஏம்மா, 1 மணிக்கு அட்மிஷன் வரும். 2 மணிக்கு மருந்து கொடுக்கிற நேரம். 5 மணிக்கு லேபுக்கு ரத்தம் எடுக்க ஆரம்பிச்சிருவோம். எங்க மாடி தூங்குறது 3-லேருந்து 4 வரைக்கும்தான். அப்போ வா.”

எந்தக் கையேட்டிலும் இல்லாத தகவல் அது.

அதன் பிறகு சிஸ்டருடன் அவள் வார்டு வார்டாக நடந்தாள். இரண்டாவது பெட்டியின் ஒவ்வொரு துளையிலும் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினாள். வேலையின் பாதி இதுதான். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டர் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் ஓடும், சத்தம் போடும். ஆனால், நர்ஸ் ஸ்டேஷனில் எல்லா நோயாளிகளையும் ஒரே இடத்தில் காட்டும் பெரிய திரை போய்விடும். இன்டர்காம் போன்களுக்கும் வைஃபை பெட்டிகளுக்கும் கரன்டே அந்த நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் வருகிறது. ஸ்விட்ச் அணைந்தால் அவையும் அணையும். அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடும் போனும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

முதல் பெட்டியில் 11 துளைகள் காலியாக இருந்தன. பெரிய திரை, அவசர போன், பார்மசி கம்ப்யூட்டர் என்று அணையவே கூடாத ஒன்பதை, ஒவ்வொன்றாக முன்கூட்டியே அங்கே மாற்றினாள். ஒவ்வொன்றையும் மாற்றும்போது சிஸ்டர் அந்தப் பக்கம் நின்று, “வந்துருச்சு” என்று சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள்.

மீதி வேலை அவளுடைய லேப்டாப்பில். இரண்டு பெட்டிகளிலும் ஒரே மென்பொருள் பதிப்பு, ஒரே லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டின் செட்டிங்கையும் பேக்கப் எடுத்து, ஒரு பிரதியைத் தாளிலும் அச்சிட்டாள். முதல் பெட்டிக்கு 15 மதிப்பெண் கொடுத்தாள். இரண்டாவது பெட்டிக்கு 1. எல்லா ஸ்விட்சும் பிறக்கும்போதே தன்னை ‘1’ என்றுதான் எண்ணிக்கொள்ளும் என்பதால், அடுத்த முறை எழும்போது அது தன்னை ‘2’ என்று சொல்லிக்கொள்ளும்படி மாற்றி வைத்தாள்.

கடைசியாக, முதல் பெட்டியிடம் ‘உன்னோடு இன்னொருவர் சேரப்போகிறார், அவருக்கு 48 துளைகள், ஒவ்வொன்றுக்கும் செட்டிங் இது’ என்று முன்கூட்டியே எழுதிவைத்தாள். பந்திக்கு ஆள் வரும் முன்பே இலை போட்டு வைப்பது மாதிரி. வந்ததும் உட்கார வேண்டியதுதான்.

3 மணி

சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் இணைத்திருந்த பழைய நீலக் கேபிளை முதலில் உருவி, பைக்குள் போட்டாள். இரண்டும் ஒன்றான பிறகு அது அப்படியே இருந்தால், தன் வாலைத் தானே கடித்த பாம்பு மாதிரி நெட்வொர்க்கில் ஒரு சுழல் உருவாக வழி ஆகிவிடும். அதைத் தடுக்க ஸ்விட்சுக்குள் ஏற்பாடு உண்டு. இருந்தாலும் அவள் அதை விட்டுவைக்க விரும்பவில்லை.

பிறகு, இரண்டாவது பெட்டியின் பவர் கார்டைப் பிடுங்கினாள். இந்த வகை ஸ்விட்சில் ஆன் - ஆஃப் பொத்தான் கிடையாது. கார்டைப் பிடுங்குவதுதான் அணைப்பது.

“ஆச்சும்மா, கேபிளைக் கொடு” என்று அண்ணன் கை நீட்டினார். அவள் கேபிளைக் கொடுக்கவில்லை. குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன.

ஏ.சி சத்தத்தில் ஸ்விட்சின் ஃபேன் ஓடுவது கேட்கவில்லை. கார்டு அவள் கையில் இருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நொடி அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு அப்பாவின் மடங்காத விரல்கள் ஞாபகம் வந்தன.

“அண்ணே, ரேக்குக்குப் பின்னாடி டார்ச் அடிங்க.”

அங்கே இருந்தது இரண்டாவது பவர் சப்ளை. ஒரு யு.பி.எஸ் போனாலும் பெட்டி அணையக் கூடாது என்று, யாரோ அக்கறையாக இன்னொரு யு.பி.எஸ்ஸிலிருந்து இன்னொரு கார்டு போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒட்டியிருந்த லேபிளில் வேறு ஏதோ கருவியின் பெயர் இருந்தது. அதனால்தான் அவள் போட்ட பட்டியலில் அது வரவில்லை.

அப்போதே கேபிளைச் சொருகியிருந்தாலும், முதல் பெட்டிக்கு 15 மதிப்பெண் இருப்பதால் அதுதான் ஜெயித்திருக்கும். அதற்காகத்தான் அந்த 15. ஆனால், ஒரு பூட்டு இருக்கிறது என்பதற்காக இன்னொரு பூட்டைத் திறந்து போட அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டாவது கார்டையும் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. மணி 3.02.

முதல் பெட்டியின் ஒன்றாம் துளையிலிருந்து இரண்டாவது பெட்டியின் இரண்டாம் துளைக்கு ஒரு கேபிள். அதன் இரண்டிலிருந்து இதன் ஒன்றுக்கு இன்னொரு கேபிள். கையால் திருகும் ஸ்க்ரூக்களை முழுதாக முடுக்கினாள். பவர் கார்டு இரண்டையும் மாட்டினாள். 3.05.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும். லேப்டாப் திரையில் முதல் பெட்டி மட்டும் ‘ஆக்டிவ்’ என்று நின்றது. இலை போட்டு வைத்த இடத்தில் ஆள் இல்லை. வெளியே சிஸ்டர் படுக்கை படுக்கையாக நடந்துகொண்டிருக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் பெட்டியின் விளக்குகள் ஒன்றுகூட அசையவில்லை. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அணைந்ததும் இப்படி ஓடிக்கொண்டிருந்த விளக்குகள்தான்.

3.12-க்குத் திரையில் இரண்டாவது வரி மாறியது. ‘ரெடி.’

3.14-க்கு இன்டர்காம் போன்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. நோட்டை எடுத்துக்கொண்டு, சிஸ்டருடன் மறுபடியும் வார்டு வார்டாக நடந்தாள். எல்லாம் வந்திருந்தது, ஒன்றைத் தவிர. ரத்தம் எடுக்கும் டியூபில் ஒட்டும் பார்கோடு லேபிளை அச்சடிக்கும் பிரின்டர் வரவில்லை. 5 மணிக்கு அது இல்லாமல் முடியாது.

ஒவ்வொரு துளையும் எந்தப் பிரிவைச் சேர்ந்தது, லேபா, பில்லிங்கா, போனா என்று ஓர் எண் உண்டு. வீலான் என்பார்கள். அச்சிட்ட தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்து விரலால் கோடு பிடித்துக்கொண்டு வந்தாள். 23-ம் துளைக்குப் போட வேண்டிய எண்ணை 32-க்குப் போட்டிருந்தாள். அவளுடைய தப்புதான். மாற்றினாள். 3.21-க்குப் பிரின்டர் ஒரு லேபிளைத் துப்பியது.

எல்லாவற்றையும் சேவ் செய்து, புது பேக்கப் எடுத்த பிறகு, பதிவேட்டில் எழுதினாள்: ‘இரண்டாவது பெட்டி - 12 நிமிடம். ஒரு பிரின்டர் - 19 நிமிடம். காரணம்: செட்டிங் எழுதியதில் என் பிழை.’

“அந்தக் கடைசி வரி எதுக்கும்மா, யார் பார்க்கப்போறா?” என்றார் அண்ணன்.

“அடுத்த தடவை செய்றவங்க பார்ப்பாங்கண்ணே.”

சர்வர் அறையிலிருந்து வரும் இரண்டாவது ஃபைபரை அன்றைக்கு அவள் தொடவில்லை. ஓர் இரவுக்கு ஒரு வேலை போதும். அடுத்த வாரம் அதே 3 மணிக்கு, அதே சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, பெட்டிக்கு ஒன்றாக இரண்டு ஃபைபர்களையும் இணைத்து ஒன்றாகக் கட்டினாள். பிறகு, வேண்டுமென்றே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். நர்ஸ் ஸ்டேஷனின் பெரிய திரையில் இதயத் துடிப்புக் கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன.

காலை

அந்த முதல் இரவு முடிந்து, காலை ஷிஃப்ட்டுக்கு வந்த சின்ன சிஸ்டர், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கேட்டார். “அக்கா, நைட்டு ஏதோ நெட்வொர்க் வேலைன்னு சர்க்குலர் வந்துச்சே, தள்ளிவெச்சுட்டீங்களா?”

அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.

6 மணிக்கு அப்பா போன் செய்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவர் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார்.

“என்ன பாப்பா, லைன் சார்ஜ் ஆயிருச்சா?”

“ஆயிருச்சுப்பா.”

“ரெண்டாவது சப்ளை பாத்தியா?”

“இருந்துச்சுப்பா. பின்னாடி இருந்துச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டார், “வேலை முடிஞ்சு எர்த் ராடை எடுத்தியா? சில பேரு அதை மறந்துட்டுத்தான் லைனைச் சார்ஜ் பண்ணுவாங்க.”

அவள் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். அந்தப் பழைய நீலக் கேபிள் கையில் தட்டுப்பட்டது.

“எடுத்துட்டேம்பா” என்றாள்.